ஏழு நாற்பத்திரண்டு வண்டியில் என் இடம்

காலை ஏழு நாற்பத்திரண்டு வண்டி எங்கள் நிலையத்துக்கு ஏழு நாற்பத்தாறுக்குத்தான் வரும். நான்கு நிமிடத்துக்காக யாரும் புகார் கொடுப்பதில்லை, நானும் கொடுத்ததில்லை. தினமும் ஒரே அளவு தாமதமாக வருகிற வண்டியை நம்பலாம் ஐயா. அந்த நான்கு நிமிடத்தில் நான் பிளாட்பாரத்து இயந்திரத்தில் ஒரு டீ பிடித்துக் குடித்துவிடுவேன். சூடு சரியாக இருந்தால் அன்றைக்கு நாள் நன்றாகப் போகும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அவசரம் இல்லை என்றும் சொன்னீர்கள். அதனால்தான் டீயிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு வயது இருபத்தாறு. பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வாய்கள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். முதலாளி வாரத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரம் தேய்க்கிற இயந்திரமும் நானும்தான்.

வீட்டில் அண்ணனும் அண்ணியும். அவர்கள் என்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன் மாறி மாறி ஷிப்ட் போகிறவன், நான் விழித்திருக்கும்போது அவன் தூங்குவான். அண்ணி நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு நாளைக்கு என்னிடம் எத்தனை பேர் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்று ஒருமுறை கணக்கு எடுத்தேன். முப்பத்தொன்று வந்தது. அதில் ஒன்பது அண்ணி, பூட்டுச் சாவியைப் பற்றி.

இந்த நிலைமையில்தான் பேப்பர் சார் எனக்குக் கிடைத்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. வண்டி புறப்படுகிற நிலையத்திலேயே ஏறிவிடுவார், எட்டாவது பெட்டி, ஜன்னல் ஓரம். நான் நான்காவது நிலையத்தில் ஏறுவேன். முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது மடித்த பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தம்பி, சொந்தக்காரர் ஒருத்தர். எந்தப் பக்கத்திலேர்ந்து படிச்சாலும் மாறமாட்டார். மூணு எழுத்து."

"தாத்தாவா சார்?"

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு சிரித்துவிட்டார். "பாத்தியா. நான் தாத்தாவாகி ரெண்டு மாசம்தான் ஆகுது. அதான் இன்னும் பழகலை."

மறுநாள் நான் ஏறியபோது பக்கத்து இருக்கையில் அவருடைய குடை படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்காக இடம் போட்டு வைத்திருந்தார் ஐயா. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் இடம் போட்டதில்லை.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. முப்பத்தைந்து நிமிடப் பயணம், இருபது கட்டம். நான் அகராதி வாங்கினேன். இரவில் படித்துவிட்டுக் காலையில் தெரியாததுபோல யோசித்து விடை சொல்வேன். "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டுவார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? நான் பேராசைக்காரன் இல்லை.

இடையில் கைபேசிக்காரர் ஒருவர் இருந்தார். அவரையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பட்டியலில் அவர் இல்லை என்று நினைக்கிறேன். கதவோரம் நின்றுகொண்டு சினிமா சண்டைக் காட்சிகளை ஊருக்கே கேட்கும்படி வைப்பார். ஒருநாள் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எவனாவது இவன் கையை ஒடிச்சா தேவலை" என்றார். சும்மா எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். பார்க்க முடியவில்லை.

அந்த வண்டியின் கதவு இரும்புக் கதவு, இழுத்துச் சாத்துகிற வகை. கைபேசிக்காரர் இடது கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு நிற்பார். பாலம் வருவதற்கு முன் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், அந்த நேரத்தில் கதவு தானாகவே நகரும். நான் கொஞ்சம் உதவினேன், அவ்வளவுதான். நான்கு விரல். இரண்டு உடனே தொங்கிவிட்டன. ஒன்றின் நுனி கதவின் வெளிப்பக்கமே நின்றுவிட்டது. கட்டுப் போடுவதற்கு நான்தான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் பெட்டி நல்ல அமைதி. சார் இரண்டு நாள் "பாவம், பாவம்" என்றார். மூன்றாம் நாள் முழுக் கட்டத்தையும் முடித்தோம்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

நான் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்திருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். சட்டையில் எப்போதும் நாய் முடி ஒட்டியிருக்கும். எனக்கு முந்தைய நிலையத்தில் ஏறுவாள். ஒரு திங்கட்கிழமை நான் ஏறியபோது என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். குடை மேலே கம்பியில் தொங்கியது.

"தம்பி, இந்தப் பொண்ணுக்குக் கால் பிசகியிருக்கு. ஏதோ கன்னுக்குட்டி உதைச்சுடுச்சாம். இன்னைக்கு ஒரு நாள் நின்னுக்கிறியா?"

"அதுக்கென்ன சார்" என்றேன்.

நியாயம்தானே. கால் வலிக்கிறவள் உட்காரட்டும். ஆனால் இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? செவ்வாயும் வந்தாள், புதனும் வந்தாள். வியாழக்கிழமை குறிப்பை அவளிடமே படித்துக் காட்டினார். "தலை போனா வலப்பக்கம் திரும்புற துன்பம். நாலு எழுத்து." நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு அகராதியில் நான் படிக்காத சொல் அது.

"அவலம்" என்றாள் அவள். "அ போனா வலம். சரியா சார்?"

சார் பேனாவைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அதே சிரிப்பு.

அவள் கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணா, உங்க பையைக் குடுங்க, மடியில வச்சுக்கறேன்" என்பாள். என் வேலையைப் பற்றிக் கேட்டாள். சொன்னதும், "அப்போ நான் பல் இருக்கிற வாய்க்குப் பயப்படறேன், நீங்க பல் இல்லாத வாய்க்கு வேலை செய்யறீங்க" என்றாள். சார் விழுந்து விழுந்து சிரித்தார். பதினான்கு மாதத்தில் நான் அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் இல்லை. முதலில் நேர் வழிதான் முயன்றேன். காலையில் நாற்பது நிமிடம் பின்னோக்கி நடந்து, இரண்டு நிலையம் முன்னாலேயே ஏற ஆரம்பித்தேன். அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடா, கோழி கூவறதுக்கு முன்னாடி கெளம்புற? ரயில்ல எவளையாவது பாத்துட்டியா?"

"அதெல்லாம் இல்லை அண்ணி."

"இருந்தா சொல்லு. உங்க அண்ணன் முழிச்சிருக்கிற நாளாப் பாத்துப் பேசிடலாம்."

ஒன்பது நாள் அப்படி என் இடத்தில் உட்கார்ந்தேன். செருப்பு தேய்ந்தது, அது பரவாயில்லை. ஒன்பதாம் நாள் அவள் ஏறினாள், எங்கள் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வாடியிருந்தது. முந்தின நாள் அவள் கையில் ஒரு நாய் செத்துப்போனதாம். சார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு என் முழங்காலைத் தொட்டார்.

"தம்பி, கொஞ்சம் எழுந்துக்கிறியா?"

நான் எழுந்தேன்.

எனக்குக் கோபம் இல்லை ஐயா. கோபக்காரர்கள் கத்துவார்கள், கை நடுங்கும். அன்றைக்கு நான் கூடத்தில் ஒரு கீழ்த்தாடை செட் முடித்தேன், ஒரு பல் பிசகவில்லை. கோபத்தில் இருப்பவனால் அந்த வேலை செய்ய முடியாது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்குகிற நிலையம், சார் இறங்குவதற்கு ஒன்று முன்னால். பாலம் தாண்டியதும் எழுந்து கதவுக்குப் போய்விடுவாள், காற்று வாங்க. ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பாள், கவனமான பெண்தான். அதனால் நான் பதினோரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத் தலைமுடி அவிழ்ந்துவிட்டது. கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டி வண்டி வளைவில் திரும்பியது. அவளுக்குப் பின்னால் நான் இருந்தேன், எனக்குப் பின்னால் உள்பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தவர்களின் முதுகும் பையும். அவள் முதுகில் ஒரு பை மாட்டியிருந்தாள். நான் உள்ளங்கையை வைத்தது அந்தப் பையில். அவள் உடம்பை நான் தொடவே இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கம்பம் அந்த இடத்தில் தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கம். எங்கள் கூடத்தில் காய்ந்த பிளாஸ்டர் அச்சு எப்போதாவது மேசையிலிருந்து விழும், அந்தச் சத்தம்தான் கேட்டது. கம்பத்தில் பட்டு அவள் திரும்ப வண்டிப் பக்கமே வந்தாள். அதனால்தான் உங்கள் ஆட்கள் இருநூறு அடி நடந்து பொறுக்க வேண்டியதாயிற்று. சங்கிலியை இழுத்தது யார் என்று விசாரித்தீர்கள் அல்லவா? நான்தான். முதலில் இழுத்தவன் நான்தான்.

சார் படியில் இறங்கப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். "நீ எங்கேடா இருந்தே? நீ பாத்தியா?" என்று கேட்டார். எதிர்ப்பக்கக் கதவில் நின்றிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அடுத்த நிலையத்தில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். என் சட்டை நனைந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் சார் வரவில்லை. வந்தபோது இடம் காலியாகத்தான் இருந்தது, குடை மடியில் இருந்தது. நான் உட்கார்ந்தேன். பேப்பரை அவர் பிரிக்கவில்லை. நான் என் காசில் ஒரு பேப்பர் வாங்கிப் போய்க் குறிப்பைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் அப்படி. பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார், வளைவு தாண்டியதும் திறப்பார்.

போன வாரம் வியாழக்கிழமை அவராகவே பேசினார்.

"தம்பி, நான் வேலையை விட்டுட்டேன். நாளையோட சரி. பொண்ணு வீட்டுக்கே போயிடறேன், பேரனைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். இந்த வண்டியில என்னால இனி முடியாது."

"எனக்கு யார் சார் இடம் போடுவாங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. குழந்தைத்தனமாக இருந்தது.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ சின்னப் பையன். நாலு பேர்கிட்ட முகம் குடுத்துப் பேசு, உனக்கும் ஆள் கிடைக்கும்." அப்புறம், "எனக்கு ஒண்ணுதான்டா தாங்கலை. விழறப்போ அந்தப் பொண்ணு எப்படிக் கத்தியிருக்கும். யார் காதிலயும் விழலியே" என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக அதுதான் காரணம்.

"கத்தலை சார். கிளிப் வாயில இருந்துச்சு. கத்த முடியாது. திரும்பிக்கூடப் பாக்கலை."

பாலம் வந்தது. அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. பிழை திருத்துகிறவர் அல்லவா, ஒரு எழுத்து தவறினாலும் பிடித்துவிடுவார்.

"நீ அந்தப் பக்கக் கதவுலேல்ல நின்னே?" என்றார் மெதுவாக.

அவர் இறங்குகிற நிலையம் வந்தது. எழுந்தார், குடையை எடுத்துக்கொண்டார். நானும் கூட இறங்கினேன். கூட்டம் கலையும் வரை பிளாட்பாரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வா தம்பி. மேம்பாலம் தாண்டினா போலீஸ் இருக்கு. நீயே சொல்லிடு. நான் கூட வரேன். உன்னைத் தனியா விடமாட்டேன்."

நான் அதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் தெரியுமா. உன்னைத் தனியாக விடமாட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவரே ஐந்து நிமிடத்துக்கு முன்னால், நாளையோடு சரி என்று சொல்லியிருந்தார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? அவரைப் பொய் சொல்ல விடக் கூடாது என்று நினைத்தேன்.

மேம்பாலப் படியில் நடுவே ஒரு திருப்பம். இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி, கீழிருந்து பார்த்தால் தெரியாது. காலை எட்டரைக்கு மேல் அந்தப் பக்கம் அதிகம் பேர் ஏறுவதில்லை. என் பையில் பிளாஸ்டர் சீவுகிற கத்தி இருந்தது. குட்டைக் கத்தி, மரப்பிடி, சாணை பிடிக்க எடுத்துப்போயிருந்தது. அவர் ஒரு படி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. நான் "சார்" என்று கூப்பிட்டேன். பின்னாலிருந்து செய்வது மரியாதையாக இருக்காது என்று பட்டது. அவர் திரும்பினார்.

முதல் குத்து விலாவில் இடித்துக்கொண்டது. கத்தி நீளம் போதாது, பிளாஸ்டருக்கென்று செய்தது. அதனால் இடம் மாற்ற வேண்டியிருந்தது, வயிறு, பிறகு கழுத்து. நான் மூன்று முறை என்றேன், நீங்கள் பதினொன்று என்கிறீர்கள். எண்ணிப் பார்த்தவர்கள் நீங்கள், நான் வாதாடவில்லை. அவர் படியில் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். மேல்வரிசைச் செட் வாயிலிருந்து கழன்று விழுந்தது. பதினான்கு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்குப் பல்செட் என்று எனக்கே தெரியாது. நல்ல வேலைப்பாடு. அதைத் துடைத்து அவர் வாயில் திரும்ப வைத்தேன். அப்போது அவருக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் சொல்வது சரிதான்.

அடுத்த வண்டி எட்டு ஐம்பத்தைந்து. ஏறி வேலைக்குப் போனேன். மழைக்கோட்டு மேலே போட்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள், நான் மறுக்கவில்லை, ஓடவில்லை. கையைக் கழுவிவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டேன்.

அண்ணி நேற்று வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நாங்க உனக்கு என்னடா குறை வச்சோம்?" என்று அழுதாள். ஒரு குறையும் இல்லை அண்ணி என்றேன். உண்மைதான். சாருடைய மகளும் வந்திருந்தாள் என்று காவலர் சொன்னார். கையில் குழந்தையாம். என்னைப் பார்க்க வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டாளாம். பார்த்திருந்தால் அவள் அப்பாவைப் பற்றி நிறைய நல்ல விஷயங்கள் சொல்லியிருப்பேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கைபேசிக்காரர் விரல், பெண்ணைத் தள்ளியது, சாரைக் கொன்றது, மூன்றையும் நான்தான் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு பிழை இருக்கிறது. என் மணிக்கட்டில் இருக்கிற இந்த நகக் காயங்களை, சார் தப்பிக்கப் போராடியபோது ஏற்பட்டவை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் அங்கே இல்லை, நான் இருந்தேன். அது அப்படி இல்லை ஐயா. கடைசிவரை சார் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.